ஒரு கரண்டி தண்ணீர்

சின்ன வெங்காயத்தைத் தாளோடு ஊறுகாய் போடுவதில் சிரமமான வேலை உப்புப் போடுவதும் அல்ல, காரம் சேர்ப்பதும் அல்ல; துடைப்பதுதான். பலருக்கு இது தெரிவதில்லை. பிஞ்சாகப் பிடுங்கி, வேரை நறுக்கி, மண் போக மூன்று தண்ணீரில் அலசிவிட்டு, ஒவ்வொன்றாகத் துணியால் துடைக்க வேண்டும். தாளுக்குள் குழாய் மாதிரி இடம் இருக்கிறது. அங்கேதான் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். அதை விரலால் நீவி இறக்கி, பழைய வேட்டித் துணியில் பரப்பி, ஒரு நாள் முழுக்க நிழலில் வாட விட்டால், அதன் பிறகு யார் போட்டாலும் அந்த ஊறுகாய் ஒரு வருஷம் நிற்கும். கல் உப்புதான் வேண்டும். பாக்கெட் உப்புப் போட்டால் கொழகொழத்துவிடும்.

யார் போட்டாலும் என்று எழுதியிருக்கிறேன், மேடம். கைராசி என்று ஒன்று கிடையாது என்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும். அதையும் சேர்த்தே இதைப் படியுங்கள்.

நான் சொல்லச் சொல்ல ஏட்டம்மா எழுதிக்கொள்வதாகச் சொன்னார். நானே எழுதித் தருகிறேன் என்று பேப்பர் வாங்கிக்கொண்டேன். ப்ளஸ் டூ வரை படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும். தவிர, ஒருவர் சொல்லி இன்னொருவர் எழுதினால் விஷயம் மாறிப்போகும். என் மாமியார் பொன்னுத்தாய் மீது இன்று பழி விழுந்திருப்பது அப்படித்தான். என் கொழுந்தன் பெண்டாட்டி கலைமதியின் அண்ணன் சிவபிரகாஷ் மணமேல்குடியிலிருந்து வந்து கொடுத்த புகாரில், அத்தைதான் வார்த்தையால் கொன்று அவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தார் என்று இருக்கிறது. அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. செய்யாத தப்புக்கு அவர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் பழி சுமப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

என் பெயர் அழகி. வயது நாற்பத்தொன்று. கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு முந்திரித் தோப்பும், போர்வெல் போட்ட ஒன்றரை ஏக்கர் நிலமும் இருக்கிறது. கணவர் நாகராசு அதைப் பார்த்துக்கொள்கிறார். அவர் தம்பி ரகுநாத் தோஹாவில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் எனக்குக் குழந்தை இல்லை. தஞ்சாவூர், திருச்சி என்று பார்க்காத ஆஸ்பத்திரி இல்லை. ஆறாவது வருஷம் அதை நிறுத்திவிட்டோம். நிறுத்திய அன்று நான் ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் வந்து நின்று, ஒரு தாளை எடுத்து வாயில் போட்டு மென்றுவிட்டுச் சொன்னார்.

"வயிறு ஆகாட்டி என்னடி, ஒனக்குக் கை ஆகுது. அது போதும்."

அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு இருந்த இடம் அந்த வாக்கியத்தின் மேல்தான் இருந்தது. நான் உறை ஊற்றினால் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி இருக்கும் என்பார்கள். விதை வெங்காயத்தை முதலில் நான்தான் ஊன்ற வேண்டும். தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் பந்தக்கால் மஞ்சள் அரைக்க வேறு ஆளைக் கூப்பிடுவார்கள், பிள்ளை பெறாதவள் என்பதால். ஊறுகாய்க்கு உப்புப் போட மட்டும் என்னைத் தேடி வருவார்கள். திருச்சியில் பிளேன் ஏறுகிற எங்கள் ஊர்ப் பையன்கள் கையில் என் ஊறுகாய் பாட்டில் ஒன்றாவது இருக்கும். இதெல்லாம் பெருமைக்காக எழுதவில்லை. என்னிடம் இருந்தது இவ்வளவுதான் என்பதற்காக எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆவணியில் ரகுநாத்துக்கும் கலைமதிக்கும் கல்யாணம் நடந்தது. பி.எஸ்சி. படித்தவள். கடற்கரைப் பெண் ஆதலால் எங்கள் வீட்டில் யாருக்கும் வராத மாதிரி மீன் குழம்பு வைப்பாள். நல்ல பெண். அதை யாரும் என்னிடம் கேட்டு வாங்க வேண்டியதில்லை, நானே சொல்கிறேன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். காலையில் எனக்கும் சேர்த்து டீ போட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள். ஒரு நாள்கூட முகத்தைச் சுளித்துப் பேசியதில்லை.

முதல் தையில் வெங்காயம் பிடுங்கியபோது, நானும் ஒரு ஜாடி போட்டுப் பார்க்கிறேன் அக்கா என்றாள். போடேன் என்றேன். எலுமிச்சைச் சாற்றுக்குப் பதில் அவர்கள் ஊர் வழக்கப்படி புளித்த காடி ஊற்றினாள். வெந்தயத்தைக் குறைத்துக் கடுகைக் கூட்டினாள். நான் சொல்லிக்கொடுக்காமலே ஒவ்வொரு தாளையும் நீவித் துடைத்தாள். தோஹாவுக்கு இரண்டு பேர் பாட்டிலும் போனது. பத்து நாள் கழித்து ரகுநாத் வீடியோ காலில் வந்தான். போனை அத்தை பிடித்திருந்தார், நாங்கள் எல்லோரும் சுற்றி இருந்தோம்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இங்கிட்டு ரூம்ல எல்லாரும் கலை போட்டதத்தான் கேக்குறாங்க. அடுத்த தடவ அதையே குடுத்து விடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் அடுப்படி அலமாரியில் அத்தை கலைமதியின் ஜாடியை முன்னால் வைத்து, என்னுடையதைப் பின்னால் தள்ளியிருந்தார். யோசித்துச் செய்திருக்க மாட்டார், கைக்கு எட்டுகிற இடத்தில் எது வேண்டுமோ அதை வைத்திருப்பார். கல்யாண லீவு முடிந்து ரகுநாத் மார்கழிக் கடைசியில்தான் தோஹாவுக்குத் திரும்பியிருந்தான்; அந்த மாசியில் கலைமதிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அது தங்கவில்லை என்றாலும், தங்கக்கூடிய வயிறு என்று தெரிந்துவிட்டது.

அவளுக்கு வயிறு இருக்கிறது. கையாவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். நியாயமாக யோசித்தால் யாருக்கும் இது புரியும்.

அந்த மாசியில் அவள் போட்ட இரண்டாவது ஜாடியில் ஐந்தாம் நாள் வெள்ளையாகப் பூசணம் பிடித்தது. அத்தை அதை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கொட்டச் சொன்னார். பங்குனியில் போட்டதும் அப்படியே ஆனது. வைகாசியில் எலுமிச்சை ஊறுகாய். நடுவில் இரண்டு முறை அவள் உறை ஊற்றிய பால் தயிராகாமல் நூல் விட்டுப்போனது. கெட்டுப்போன மூன்றாவது ஜாடியைத் திறந்த அன்று அத்தை துணியைப் பழையபடி மூடிவிட்டு, அவளைக் கையை நீட்டச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆகாத கை என்று அவர் வாயிலிருந்து வந்தது அன்றுதான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு தடவையும் நான் ஊற்றியது ஒரு கரண்டி தண்ணீர். அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட இல்லை. மதியம் எல்லோரும் படுத்திருக்கும் நேரத்தில், துணியை அவிழ்த்து, ஊற்றிவிட்டு, அவள் கட்டியிருந்த அதே முடிச்சாகக் கட்டுவேன்.

அத்தை சொல்லும்போதெல்லாம் கலைமதிக்காகப் பரிந்து பேசியதும் நான்தான். இந்தக் காலத்தில் கைராசியாவது ஒன்றாவது, படித்த பிள்ளை மனசு என்ன பாடுபடும் என்று அத்தையிடம் சண்டை பிடித்திருக்கிறேன். தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். நான் பரிந்து பேசப் பேச அத்தையின் நம்பிக்கை இறுகிக்கொண்டே போகும் என்பதும் எனக்குத் தெரியும். வெகுளி மனுஷி, மறுத்துப் பேசினால்தான் பிடித்துக்கொள்வார்.

ஒரு நாள் கிணற்றடியில் துணி அலசும்போது கலைமதி என்னிடம் கையை நீட்டினாள்.

"அக்கா, என் கையில என்னக்கா இருக்கு?"

அவள் கையைப் பிடித்து நன்றாகப் பார்த்தேன். மெல்லிய விரல்கள், சோப்பு நுரை ஒட்டியிருந்தது. ஒன்றுமில்லை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் பார்க்கிற மாதிரி என் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அது ஒன்றே போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் ஜாடிப் பக்கம் தானாகவே வரவில்லை. நானும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பேப்பருக்கே வேலை இருந்திருக்காது. நிறுத்தும் எண்ணத்தில்தான் இருந்தேன்.

ரகுநாத் லீவில் வந்துபோன பிறகு, அடுத்த வருஷம் ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. இசைவாணி என்று கலைமதிதான் பெயர் வைத்தாள். பிறந்த பதினைந்தாம் நாளே ஒன்று புரிந்தது. பெற்றவள் குழந்தையைத் தொடப் பயந்தாள். பால் கொடுத்ததும் என் மடியில் போட்டுவிடுவாள். குளிப்பாட்ட என்னைக் கூப்பிடுவாள். எண்ணெய் தேய்க்கிற இடத்தில் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கேட்டு வாங்கவில்லை, மேடம். அவளாகக் கொடுத்தாள். இத்தனை வருஷம் காலியாக இருந்த மடியில் ஒரு குழந்தையை வைத்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் தை வந்ததும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ரகுநாத் தினமும் போனில் பேசி, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிச் சொல்லித் தேற்றியிருந்தான். பால் சரியாக ஊறாததால் பவுடர் கரைத்தாள். கையைப் பத்துத் தடவை கழுவி, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, புட்டியை வேக வைத்து, டாக்டர் சொன்னபடியே எல்லாம் செய்தாள். ஒரு வாரம் குழந்தை அவளிடமே இருந்தது. நான் வாங்கக் கையை நீட்டினால்கூட, இருக்கட்டும் அக்கா, நான் வைத்துக்கொள்கிறேன் என்பாள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது எப்படி என்று நேற்று மூன்று முறை கேட்டீர்கள். பதிலை இங்கே எழுதுகிறேன். மாட்டுத் தொட்டித் தண்ணீர். அவள் புட்டியை மூடி வைத்துவிட்டுத் துண்டு எடுக்கப் போன நேரத்தில், ஒரு கரண்டி. ஊறுகாய்க்கு ஊற்றிய அதே கரண்டிதான். மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. மூன்று மாதக் குழந்தையின் கையில் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் நெற்றியில் ஊசி குத்தினார். அதைப் பார்த்து நான் அழுத அழுகையை ஆஸ்பத்திரியே பார்த்தது. அது நடிப்பு இல்லை. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் நானும் உயிரோடு இருந்திருக்க மாட்டேன். ஆகாது என்று ஒரு கணக்கு இருந்தது, அதன்படியே ஆகவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கலைமதி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, நீங்களே வச்சுக்கங்கக்கா என்றாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்த வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். கலைமதி தோப்பு வேலைக்கு வருகிறவர்களுக்குச் சமைப்பாள், வீடு கூட்டுவாள், குழந்தை தூங்கும்போது கதவோரம் உட்கார்ந்து பார்ப்பாள். வாணி என்னைப் பார்த்துத்தான் முதலில் 'ம்மா' என்றாள். கலைமதியும் பக்கத்தில் இருந்தாள். அவளும் சிரித்தாள்.

போன கார்த்திகையில் ரகுநாத்துக்குக் குடும்ப விசா கிடைத்தது. தை முடிந்ததும் இரண்டு பேரையும் அழைத்துக்கொள்வதாகச் சொன்னான். பாஸ்போர்ட்டுக்குக் குழந்தையை போட்டோ எடுக்க என் மடியிலிருந்துதான் தூக்கிக்கொண்டு போனார்கள். வெள்ளைத் துணிக்கு முன்னால் பிள்ளை உட்கார மாட்டேன் என்று அழுதது. கடைசியில் நான் துணிக்குப் பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். படத்தில் நான் தெரியவில்லை.

கலைமதிக்குப் போவதில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் இருந்தது. அங்கிட்டுப் போனா நான் மட்டுந்தானக்கா பிள்ளையத் தொடணும் என்று ஒரு நாள் சொன்னாள். போகவில்லை என்று அவளே சொல்லியிருக்கலாம், நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவளோ, இதற்குப் பரிகாரம் ஏதாவது உண்டா, கோயில் குளம் எங்கேயாவது போனால் சரியாகுமா என்று கேட்டாள்.

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னேன். என் பிறந்த ஊரில் ஒருத்திக்கு இதே மாதிரி ஆகாத கை இருந்தது, அவள் ஊறுகாய்க்குக் காய்ச்சிய எண்ணெயில் தெரியாமல் கையை விட்டுவிட்டாள், தோல் உரிந்து புதுத் தோல் வந்த பிறகு அவள் தொட்டதெல்லாம் துலங்கியது, பேரன் பேத்தி எடுத்துவிட்டாள் என்றேன். செய் என்று சொல்லவில்லை. வெங்காயம் ஆய்ந்துகொண்டே, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னேன். பத்து நாள் கழித்து, அவள் கேட்டதற்காக, இன்னொரு முறை சொன்னேன். அப்படி ஒருத்தி எங்கள் ஊரில் கிடையாது.

பொங்கல் கழிந்த ஆறாம் நாள் நான் இந்த வருஷத்து ஊறுகாய் போட்டேன். உப்பில் இரண்டு நாள் ஊறிய வெங்காயத்தாள் தயாராக இருந்தது. இருப்புச்சட்டியில் ஒன்றரை லிட்டர் நல்லெண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். வாணியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாசற்படியில் நின்றேன். கலைமதி அடுப்படிக்கு வந்தாள். குளித்திருந்தாள், நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள். வலக்கை வளையல்களைக் கழற்றி மேடையில் வைத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நெசமா சரியாயிருமாக்கா?"

"ஆயிருச்சுன்னுதான் எங்க ஊருல சொல்வாங்க."

எனக்கும் அடுப்புக்கும் நடுவே நாலு எட்டுதான். கூப்பிட்டிருந்தால்கூடப் போதும், நின்றிருப்பாள். நான் குழந்தையின் முகத்தை என் தோளில் திருப்பிக்கொண்டேன். பிள்ளை பார்க்கக் கூடாத விஷயம் என்பதால்.

அவள் கத்தவில்லை. அது எனக்கே ஆச்சரியம். எண்ணெய்தான் கத்தியது. பத்து எண்ணும் வரை கையை எடுக்கவில்லை, மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, உதடு அசைந்தது. பத்து என்று நான் சொல்லவில்லை. அவளாக வைத்துக்கொண்ட கணக்கு அது.

ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். உங்களிடம் அந்த அழைப்பு பதிவாகியிருக்கும். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். நான்கு விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டதாகவும், கட்டைவிரல் மட்டும் அசையலாம் என்றும் சொன்னார்கள். அவள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று என் கணவர் சொல்லிக் கேள்விப்பட்டேன். தானாகத்தான் கையை எண்ணெயில் விட்டதாகவும், அழகி அக்கா மாதிரி ஒருத்தர் இல்லாவிட்டால் தன் பிள்ளை பிழைத்திருக்காது என்றும் சொன்னாளாம். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. அவளுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு, வேறு எண்ணெய் காய்ச்சி ஊறுகாயை முடித்தேன். உப்பில் ஊறியதை அதற்கு மேல் வைத்திருக்க முடியாது, வீணாகிவிடும்.

இதுதான் நடந்தது. அத்தைக்கு இதில் எதுவும் தெரியாது. அவர் கண்ணால் பார்த்ததை நம்பினார், அவ்வளவுதான். என் கணவருக்கும் ரகுநாத்துக்கும் தெரியாது. கொழுந்தன் பெண்டாட்டி மேல் எனக்குக் கோபமோ பொறாமையோ கிடையாது; அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் அவளுக்குச் சோறு ஊட்டிவிடக்கூட எனக்குச் சம்மதம். வாணிக்கு இரவில் பாலில் ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டால்தான் குடிப்பாள். இப்போது யார் கொடுக்கிறார்களோ அவர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

இதை அத்தைக்குப் படித்துக் காட்டுவீர்கள் என்று ஏட்டம்மா சொன்னார். காட்டுங்கள். தண்ணீர் ஊற்றியது, புட்டிப்பால், அந்தக் கதை, எல்லாவற்றையும் படித்துக் காட்டுங்கள். எனக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும். நீங்கள் வீட்டைச் சோதனை போட வந்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டில், மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு ஜாடி இருந்திருக்கும். அது இந்தத் தையில் நான் போட்டது. பிடுங்கியது, துடைத்தது, உப்புப் போட்டது எல்லாம் நான் ஒருத்திதான், வேறு யார் கையும் படவில்லை. ஐந்தாம் நாள் துணியை அவிழ்த்தேன். மேலே வெள்ளையாகப் படர்ந்திருந்தது. வழித்து எறிந்துவிட்டு எண்ணெய் ஊற்றி மூடினேன், மூன்றாம் நாள் மறுபடியும் அதே மாதிரி இருந்தது. அந்த ஜாடியைப் பற்றி மட்டும் அத்தையிடம் தயவுசெய்து சொல்ல வேண்டாம். பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் பக்கம் நல்ல மழை. ஈர மண்ணில் பிடுங்கிய வெங்காயம், மேடம். அதற்குக் கை என்ன செய்யும்.